நூறாவது நகர்

உலகத்து ஊர்களெல்லாம் கல்லாலும் மண்ணாலும் கட்டப்பட்டவை என்று நம்புகிறவர்கள் ஒருநாள்கூட அலுவலகத்தில் வேலை பார்த்திராதவர்கள். ஊர் கட்டப்படுவது சொல்லால். கொத்தனார் வராவிட்டால் சுவர் ஒருநாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எழுத்தர் வராவிட்டால் ஊரே கிடையாது. இந்தப் பேருண்மையை மனித குலத்துக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை ஒரு நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் பிரிவைச் சேரும். அதிலும் குறிப்பாக, ஜன்னலோர மேசையில் இருந்த எழுத்தரைச் சேரும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. 'சந்தி' என்றால்தான் தெரியும். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை, தாம் சாப்பிட்டோமா இல்லையா என்பதில்கூட இருந்ததில்லை. சுவரில் 'துணி கடை' என்று எழுதியிருந்தால் பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'க்' போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அதனால் பஸ் போய்விடும். ஒருமுறை தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்கே குறிப்பாணை வந்தது. அதில் மூன்று இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. சந்தி மூன்றையும் சிவப்பு மையில் போட்டு, 'திருத்திய படி அனுப்பவும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரிடம் விளக்கம் கேட்கும் துணிச்சல் எந்த மேலதிகாரிக்கும் வரவில்லை.

இப்பேர்ப்பட்டவர் குடியிருந்தது அக்கா வீட்டில். அக்கா தையல்காரி. அவளுடைய மெஷின் ஓடிய ஓட்டத்தில்தான் தம்பி பட்டம் வாங்கினார். பஸ் பணிமனைக்குப் பின்னால், பள்ளத்தில், தகரக் கூரை போட்ட நாற்பத்திரண்டு வீடுகள்; அதில் பதினேழாவது அவர்களுடையது. அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிவிட்டு, அடுத்த பக்கங்களிலெல்லாம் 'மேற்படி இடம்' என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார். பிறகு முதல் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. பள்ளத்தில் கிடந்த இடம் அரசாங்கக் கணக்கில் 'மேற்படி' ஆனது இப்படித்தான்.

பெயர் இல்லாததால் குழாய் இல்லை. குடிநீர் இணைப்புக்கு அக்கா இரண்டு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். மனுவைக் கணினியில் ஏற்றினால், முகவரியில் 'நகர்' என்று ஒரு கட்டம் வரும். அதைக் காலியாக விட்டால் கணினி மனுவைத் துப்பிவிடும். 'மேற்படி இடம்' என்று நிரப்பினால் அதையும் துப்பிவிடும். எதெதற்கோ நகர் என்று பெயர் வைத்து ஊரெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் தினமும் மேட்டுச் சாலைக் குழாயிலிருந்து ஆறு குடம் சுமந்து பள்ளத்துக்கு இறங்கினாள்.

“ஊர்ல இருக்கற செவுத்துக்கெல்லாம் எழுத்துப் போட்டுட்டு வர்றியேடா தம்பி. நம்ம எடத்துக்கு ஒரு பேரு போடக் கூடாதா? என் இடுப்பு இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு நினைக்கற?” என்றாள் ஒருநாள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு.

சந்திக்குச் சுருக்கென்றது. அக்கா அவரிடம் எதையும் கேட்டவள் இல்லை. எப்பாடு பட்டாவது 'நகர்' என்ற அந்த ஒரு சொல்லை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாங்கியும் கொடுத்தார்.

அதற்குத் தோதாக மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. இந்த நகராட்சியை மாநகராட்சியாக உயர்த்த உத்தேசம். அதற்கு முன்னால் 'நகரம்' என்ற சொல்லின் பொருள் யாது, பயன் யாது என்பது பற்றிய பதினொரு கேள்விகளுக்கு அறுபது நாளில் விடை தேவை. கூடவே ஒரு நிபந்தனை: மாநகராட்சி என்றால் எல்லைக்குள் குறைந்தது நூறு நகர்கள் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஊரை நடத்திவிட்டு, அது என்ன என்று இப்போதுதான் கேட்கிறார்களே என்று யாரும் நினைக்கவில்லை. நடத்துவது வேறு, அறிவது வேறு என்பதை அலுவலகம் என்றைக்குமே குழப்பிக்கொண்டதில்லை.

உடனே 'நகரம் என்னும் சொல்லின் பொருளும் பயனும் காணும் உயர்நிலைக் குழு' அமைந்தது. தலைவர் ஆணையர். உறுப்பினர்கள் இரண்டு பேர்: இடிப்பது, கட்டுவது இரண்டுக்கும் பொறுப்பான பொறியாளர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், அவரை எல்லாரும் புலவர் என்பார்கள். குறிப்பெடுக்கச் சந்தி.

முதல் அமர்வில் புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நகரம் என்பது ஓர் எழுத்து” என்றார்.

சந்தி மட்டும் அதை உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“ககரம், சகரம், மகரம் என்பது போல, 'ந' என்ற எழுத்துக்கு நகரம் என்று பெயர். மூலப் பொருளிலிருந்து தொடங்குவதுதான் முறை.”

ஆணையர் முகம் வெளுத்தது. “அப்ப இத்தனை வருஷமா நாம ஒரு எழுத்தையா நிர்வாகம் பண்ணிட்டிருந்தோம்?” என்று கேட்டார். மேலிடத்துக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு. புலவர் கையமர்த்திவிட்டு, அந்த எழுத்தின் குணநலன்களை விரித்தார். நகரம் சொல்லுக்கு முதலில் நிற்கும். கடைசியில் நிற்காது. இதைக் கேட்டதும் ஆணையர் தெளிந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். 'நகரம்: என்றும் முதலில், என்றும் கடைசியில் அல்ல' என்பது அங்கேயே மாநகராட்சியின் முழக்கமாகத் தீர்மானிக்கப்பட்டது. எதில் முதல் என்று அவர் கேட்கவில்லை.

“சொல்லுக்கு நடுவில் நகர ஒற்று வந்தால், அடுத்துத் தகரம் வரும்” என்று புலவர் தொடர்ந்தார். “பந்து, சந்து, பொந்து. நகரம் எங்கே நின்றாலும் தகரம் வந்து ஒட்டிக்கொள்ளும்.”

அதுவரை கண்ணயர்ந்திருந்த பொறியாளர் 'தகரம்' என்ற சொல்லில் விழித்துக்கொண்டார். “அது வாஸ்தவம். எத்தனை தடவ பிடுங்கிப் போட்டாலும் நகரத்த ஒட்டித் தகரம் வந்துருது” என்று அனுபவத்தைச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது என்று அறிந்ததில் சந்திக்கு மனசு குளிர்ந்தது. 'நகரத்தை அடுத்துத் தகரம் வருவது விதிப்படி சரி' என்று குறிப்பேட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

இரண்டாம் அமர்வு வினைச்சொல்லுக்கு. நகர்வதால் நகரம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று புலவர் யோசனை சொன்னார். ஆணையர் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். காலையில் அவர் உள்ளே வந்தபோது நின்றிருந்த அதே பஸ் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. யோசனை கைவிடப்பட்டது. நகராட்சி என்பதையே 'நகரா ஆட்சி' என்று பிரித்துச் சில விஷமிகள் கேலி பேசுவதை ஆணையர் வருத்தத்தோடு குறிப்பிட்டபோது சந்தி முதல்முறையாக வாயைத் திறந்தார். அப்படிப் புணர்ந்தால் 'நகராவாட்சி' என்றுதான் வரும், ஆகவே அது இலக்கணம் தெரியாதவர்களின் கேலி என்று விளக்கினார். ஆட்சியின் மானத்தை ஓர் உடம்படுமெய் காப்பாற்றியது. ஆணையர் அவரைப் பார்த்த பார்வையில் அன்றிலிருந்து ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதையைச் சந்தி மூன்றாம் அமர்வில் பயன்படுத்திக்கொண்டார். எல்லைக்குள் இருந்த நகர்களை எண்ணியாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தை 'அமைதி நகர்' என்று சேர்த்தும் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது. ஆணையர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பணிமனைக்குப் பின்னால் நாற்பத்திரண்டு வீடுகள் பெயரில்லாமல் இருக்கின்றன, அவற்றை நூறாவது நகராக்கலாம் என்று சந்தி மெல்ல எடுத்துச் சொன்னார். தம் வீடும் அங்கேதான் என்பதையும் மறைக்கவில்லை. ஆணையர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என்ன நகர் என்பதில்தான் சிக்கல் வந்தது. ஆணையர் தமது மேலதிகாரியின் மாமனார் பெயரைச் சொன்னார். பொறியாளர் கண்ணைத் திறக்காமலே தம்முடைய மாமனார் பெயரைச் சொன்னார். புலவர் சொன்ன தூய தமிழ்ப் பெயர் பதினெட்டு எழுத்து. பலகைக்கு வெளியே போய்விடும். ஒன்றரை மணி நேரம் மாமனார்கள் மோதினார்கள். கடைசியில், முன்னால் வரும் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு 'நகர்' என்று மட்டும் ஆணை போட்டுவிடலாம் என்று ஒருமனதாக முடிவானது. அக்காவுக்கு வேண்டியதும் அந்த ஒரு சொல்தான். சந்தி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

இங்கே புதிய ஆணைப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாநகராட்சிக்கென்றே புலவர் வடிவமைத்தது அது. பழைய படிவத்தில் இருந்த இருபத்துமூன்று கட்டங்களையும் தூக்கிவிட்டு, தமிழ் மரபுப்படி மூன்றே கட்டங்கள் வைத்திருந்தார்: இடம், பொருள், ஏவல். பேசுகிறவனே இடம் பொருள் ஏவல் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றால், அரசாங்கம் பார்க்க வேண்டாமா என்பது அவர் வாதம். அதை மறுக்க யாராலும் முடியவில்லை.

சந்தி படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். இடம்: மேற்படி இடம். பொருள்: தகரக் கூரை வீடுகள் நாற்பத்திரண்டு. 'தகரக் கூரை' என்பதில் 'க்' விடுபடாமல் போட்டாயிற்றா என்று மூன்று முறை சரிபார்த்தார், போட்டிருந்தது. அந்தத் திருப்தியோடு, மிச்சமிருந்த ஒரே கட்டத்தில் மிச்சமிருந்த ஒரே சொல்லை எழுதினார். ஏவல்: நகர்.

இருபது வருஷ அனுபவத்தில் இப்படி ஓடிய ஒரு கோப்பைச் சந்தி பார்த்ததில்லை. சாதாரணமாக ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் கோப்புக்கு மீசை முளைத்துவிடும். இதுவோ மூன்றே நாளில் ஒன்பது மேசைகளைத் தாண்டியது. காரணம் எளிது. திறந்தவுடன் 'ஏவல்: நகர்' என்று இருந்ததைப் பார்த்த ஒவ்வொருவரும் அது தமக்கு இடப்பட்ட ஆணை என்று பயந்து, கோப்பை அடுத்தவர் மேசைக்கு நகர்த்தினார்கள்.

நான்காம் நாள் பலகை வந்தது. பலகை பெரிது, சொல் சிறிது. ஆகவே பெயிண்டர் எழுத்தை ஆள் உயரத்துக்கு எழுதி இடத்தை நிரப்பியிருந்தார். பள்ளத்து வாசிகள் தாங்களே குழி தோண்டி அதை நட்டார்கள். அக்கா ஒரு நல்ல வெட்டுத்துணியை எடுத்து வந்து பலகையைத் துடைத்தாள். அன்றைக்கே மனுவை மறுபடி கணினியில் ஏற்றினார்கள். கட்டத்தில் 'நகர்' என்று அடித்ததும் கணினி அதை முதன்முறையாக விழுங்கியது. அக்கா தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுதும் அவள் காலடியில் மெஷின் பாட்டுப் பாடியது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் புல்டோசர் வந்தது.

ஓட்டுநர் நல்ல மனிதர். இறங்கி வந்து, சாமான்களை எடுத்துக்கொள்ள எல்லாருக்கும் பத்து மணி வரை நேரம் கொடுத்தார். சந்தி ஓடிப் போய்ப் படிவத்தைக் கேட்டார். தம் கையெழுத்தே தம்மைப் பார்த்தது.

“ஏவல்னு போட்டிருக்கு. நகர்னு போட்டிருக்கு. இதுல என்ன சார் சந்தேகம்?” என்றார் ஓட்டுநர்.

“அது ஏவல் இல்லீங்க. பெயர்ச்சொல். குடியிருப்போட பேரு.”

“பேருன்னா முன்னால ஒரு பேரு இருக்கணும்ல? இது வெறும் நகர்.”

சந்தி கடைசி ஆயுதத்தை எடுத்தார். நாற்பத்திரண்டு வீடுகளுக்கு இட்ட ஆணை என்றால் 'நகருங்கள்' என்றோ 'நகர்க' என்றோதான் இருக்க வேண்டும். ஒருமையில் 'நகர்' என்று வராது. ஆகவே அது ஆணையே இல்லை என்று நிறுவினார். ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டார்.

“வீட்டப் பாத்து யாரு சார் வாங்க போங்கன்னு பேசுவாங்க?”

அஃறிணைக்கு மரியாதை கிடையாது. இலக்கணம் புல்டோசர் பக்கம் போய்விட்டது.

முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கவில்லையே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஓட்டுநர் வாசலில் இருந்த பலகையைக் காட்டினார். ஆள் உயர எழுத்தில், மழைக்கும் அழியாத பெயிண்டில், இரண்டு நாளாக அறிவிப்பு நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்குக் குழி தோண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சந்தி பொறியாளருக்குப் போன் போட்டார். மூன்று அமர்வுகளிலும் உட்கார்ந்திருந்தவராயிற்றே, அவருக்குத் தெரியாதா? “கூட்டத்துல நான் தகரத்துக்கு மட்டும்தான் முழிச்சிருந்தேன்” என்றார் அவர், ஒளிவு மறைவில்லாமல். மாமனார் பெயரைச் சொன்னது தூக்கத்தில் வந்ததாக இருக்க வேண்டும்.

கழுத்தில் டேப்பைப் போட்டபடி அக்கா வந்து நின்றாள். “என்னடா சொல்றாரு?” என்று கேட்டாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ விளக்கிய சந்தியால் அதை விளக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

ஆணையர் பதறினார் என்று சொல்ல முடியாது. படிவத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் ரசித்தார்.

“பிழைத்திருத்தம் போடலாம். ஏவல்ங்கற எடத்துல 'நகராதே'ன்னு எழுதலாம். ஆனா அப்படி எழுதுனா அது நகர் பேரு இல்லாமப் போயிடுது. நூறு தொண்ணூத்தொம்பது ஆயிடும். மாநகராட்சி போயிடும்.”

“வீடு போகுதுங்களே.”

“விதியில நூறு நகர் வேணும்னுதான் இருக்கு. வீடு வேணும்னு எங்கயும் இல்லை.” ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் உண்மையான வியப்பு இருந்தது. “ஒரே சொல்லு. பெயராவும் நிக்குது, வினையாவும் வேலை செய்யுது. நூறாவது நகரும் வந்தாச்சு, பள்ளமும் காலியாச்சு. எனக்கு இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆணை எழுத வந்ததில்லை.”

சந்தி திரும்பி வந்தபோது பதினேழாவது வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நாற்பத்திரண்டு குடும்பங்களின் பாய், பாத்திரம், கட்டில், கண்ணாடி எல்லாம் சாலையோரத்தில் சந்தி சிரித்துக்கொண்டிருந்தன. தையல் மெஷினின் மேல் அக்கா இரண்டு கையையும் ஊன்றியிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. லாரியில் மெஷினை ஏற்ற ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள். பிடித்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லாரையும் எல்லைக்கு வெளியே கல்லுடைத்த குழி ஒன்றின் அருகில் இறக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று பிரிவில் கேட்டபோது, குழப்பம் வேண்டாம், 'மேற்படி இடம்' என்றே இருக்கட்டும் என்று ஆணையர் சொல்லிவிட்டார்.

ஆனால் அரசாங்கம் வாக்குத் தவறுவதில்லை என்பதையும் நாம் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் அக்காவின் மனு நிறைவேறியது. கணினி விழுங்கிய முகவரிப்படி, 'கதவு எண் 17, நகர்' என்ற இடத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள்; வெட்டவெளியில், பலகைக்குப் பக்கத்தில் ஒரு பளபளப்பான பித்தளைக் குழாய் நின்றது. தண்ணீரும் வந்தது. அரசாங்கச் சொத்து என்பதால் காவலுக்கு ஒருவரைப் போட்டார்கள்.

சேதி கேட்டு அக்கா குடத்தோடு வந்தாள். சந்தி துணைக்கு வந்தார். தன் பெயரில் வந்த குழாயில் ஒரு குடமாவது பிடித்துவிடுவது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். திறக்கக் குனிந்தாள்.

“நகரு” என்றார் காவலாளி.

பேச்சில் கடைசி எழுத்து இழுபட்டதைச் சந்தி வாழ்க்கையில் முதல்முறையாகத் திருத்தவில்லை. அக்கா நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள், காவலாளியைப் பார்த்தாள், கடைசியாகத் தம்பியைப் பார்த்தாள்.

“அவரக் கோவிச்சுக்காதடா. நீ எழுதினதைத்தான் அவரு வாசிக்கறாரு” என்றாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் குழுவின் அறிக்கை மேலிடத்துக்குப் போக வேண்டும். பத்துக் கேள்விகளுக்கு விடை தயார். பதினொன்றாவது மட்டும் காலியாக இருந்தது: 'ஊருக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?' அதற்குத் தனியாக நாலு அமர்வு வேண்டும் என்று புலவர் சொல்லியிருந்தார். சந்தி யாரையும் கேட்காமல் தாமே எழுதி, அறிக்கையை ஆணையர் முன்னால் வைத்தார்.

'ஊர் என்பது ஏவல்; ஊர்ந்து வா என்பது பொருள். நகர் என்பதும் ஏவல். முன்னதைக் கேட்டு ஊர்ந்து வந்தவர்களிடம் பின்னதைச் சொல்லும் இடம் நகரம்.'

ஆணையர் இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்துவிட்டு, ஒரு கணம் சந்தேகத்தோடு நிமிர்ந்தார்.

“இதுல பிழை ஒண்ணும் இல்லியே?”

“ஒற்றுல இல்லீங்க” என்றார் சந்தி.

ஆணையர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.